மணியாச்சி வழியாக

வண்டி தாமதம் என்றால் சந்தோஷப்படுகிற ஆளை நான் என் ஆயுளில் ஒரே ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். மணியாச்சி ஜங்ஷனில் ஸ்டேஷன் சிப்பந்தி வந்து கரும்பலகையில் சாக்பீஸால் ஏதோ எழுதிவிட்டுப் போவான். பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் எழுந்துபோய்ப் படித்துவிட்டு, அவனையும் ரயிலையும் ஜெர்மன்காரன் சண்டையையும் சேர்த்து வைதுகொண்டு திரும்பி வருவார்கள். நானும் வைவேன். அந்த அக்கா மட்டும் தன் துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்ன எழுதிருக்கான் டீச்சர்?"

"ரெண்டு மணி நேரம் லேட்டாம். எவனோ பட்டாளத்து வண்டிய முன்னால விடுதானாம்."

"ரெண்டு மணி நேரமா? நல்லாப் பாத்தியளா?"

நல்லாத்தான் பார்த்தேன் என்பேன் எரிச்சலோடு. அவள் மூட்டையை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டுக் காலை நீட்டிக்கொள்வாள். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வரும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் எரிச்சலாக இருக்கும்.

நான் அப்போது தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பாவும் அம்மாவும் திருச்செந்தூர் போகிற வழியில் நாசரேத்தில் இருந்தார்கள். சம்பளம் வாங்கின கையோடு மாதத்தின் முதல் சனிக்கிழமை ஊருக்குப் போவேன். தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் கடற்கரையோரமாகப் போனால் இருபத்தைந்து மைல் இருக்கும். நல்ல காற்று அடித்தால் தோணிக்காரர்கள் அரை நாளில் போய்விடுவார்கள். ரயிலில் போவதென்றால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான். முதலில் ஊரை விட்டு உள்நாட்டுப் பக்கமாக மணியாச்சிக்குப் போகவேண்டும். அங்கே இறங்கிக் காத்திருந்து இன்னொரு வண்டியில் தெற்கே திருநெல்வேலிக்கு வரவேண்டும். அங்கேயும் இறங்கிக் காத்திருந்து மூன்றாவது வண்டியைப் பிடித்து, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர் என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று மறுபடியும் கடலைப் பார்க்கப் போகவேண்டும். எழுபது மைலுக்கு மேல். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் ஆறு மணிக்குத் திருச்செந்தூர்.

இதை ஒரு கணக்கு டீச்சர் எப்படிப் பொறுத்துக்கொள்வாள்? ஆனால் வேறு வழி இல்லை. சண்டைக் காலம். பெட்ரோல் கிடையாது. கடற்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருந்த பஸ்கள் நின்றுவிட்டன. எப்போதாவது ஒன்று முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகை கக்கிக்கொண்டு கிளம்பும், பாதி வழியில் படுத்துவிடும். நான் ரயிலில் போனது கதியில்லாமல். அந்த அக்கா ரயிலில் போனது அதற்காக இல்லை. அதை நான் தெரிந்துகொண்டது மிகவும் பிந்தித்தான்.

பெண்கள் பெட்டியில்தான் பழக்கம். நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, கை மட்டும் பெரிய கை. மீன் அரிந்து அரிந்து விரல் முழுக்கக் கோடு கோடாக வெட்டுக் காயம் ஆறிக் கிடக்கும். கழுத்தில் தாலியும் ஜெபமாலையும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு தொங்கும். மூக்கையும் வாயையும் துடைக்க ஒரு லேஞ்சித் துணி, அதன் முனையில் ஒரு சில்லறை முடிச்சு. வண்டி போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். "இங்கன உக்காருங்கக்கா, காத்து வரும்" என்று நான் என் பக்கத்தைக் காட்டினால், "போற ஊர எதுக்கு முன்னாலயே பாக்கணும்? அது எங்க போயிரும்?" என்பாள். நான் இதைப் பகடி என்று நினைத்துச் சிரிப்பேன்.

அவள் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடிக் கடற்கரையில். அப்பா முத்துக்குளிப்புக்குப் போனவர். அண்ணன் துறைமுகத்தில் தோணியிலிருந்து சரக்கு இறக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரி. தம்பி திருச்செந்தூருக்குப் பக்கத்தில் வீரபாண்டியன்பட்டினத்தில் பெண் எடுத்து அங்கேயே வலை வாங்கித் தங்கிவிட்டான். இவளுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம் முடிவதற்குள் புருஷன் கொழும்புக்குக் கடை வேலைக்கென்று கப்பல் ஏறினான். முதலில் இரண்டு கடுதாசி வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. செத்துப்போனான் என்று சொல்ல ஆள் இல்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆள் இல்லை. அதனால் தாலியைக் கழற்றவும் முடியாது, வேறு ஒருவன் கட்டவும் வேதக்கோயில் சாமியார்கள் ஒப்பமாட்டார்கள். "நான் பொண்டாட்டியும் இல்ல, கைம்பொண்டாட்டியும் இல்ல டீச்சர். நடுக்கடல்ல நங்கூரம்" என்று ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அண்ணனும் தம்பியும் அவளை வைத்துக் காப்பாற்ற முறை போட்டுக்கொண்டார்கள். ஒரு மாதம் அண்ணன் வீடு, ஒரு மாதம் தம்பி வீடு. எங்கள் பக்கத்தில் வயதான தாய் தகப்பனுக்கு மக்கள் இப்படி முறை வைப்பது உண்டு. இவர்கள் கூடப்பிறந்தவளுக்கு வைத்தார்கள். காப்பாற்றுவது என்பது அவர்கள் சொல்லும் சொல். அண்ணன் வீட்டில் ஏழு பிள்ளைகள், தம்பி வீட்டில் ஐந்து. அண்ணன் பெண்டாட்டிக்குப் பிள்ளைப்பேறு என்றால் இவளுடைய மாதம் வரும்படி பார்த்துக்கொள்வார்கள். தம்பி வீட்டில் கருவாடு போடுகிற மாதம் என்றால் அங்கே இழுப்பார்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைப் பூசையைக் கோயிலில் பார்த்துவிட்டு மறுநாள் சனிக்கிழமை மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். அதுதான் முறை மாறுகிற நாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்னோடு ஒரே வண்டியில் வருவாள்.

"தூத்துக்குடில ஒரு குசினி, வீரபாண்டில ஒரு குசினி. நடுவுல இந்த ரயிலு" என்பாள். அடுப்படிக்கு அவர்கள் பக்கத்தில் குசினி என்று பெயர்.

அந்த நாளில் அவளுக்குச் சோறு கட்டிக் கொடுப்பது யார் என்பதில் இரண்டு வீட்டுக்கும் தகராறு. சனிக்கிழமை பிறந்துவிட்டால் முறை அந்த வீட்டுக்குப் போயாச்சு என்பாள் அண்ணன் பெண்டாட்டி. வந்து சேர்ந்த பிறகுதானே எங்கள் முறை என்பாள் தம்பி பெண்டாட்டி. ஆகமொத்தம் யாரும் கட்டிக் கொடுப்பதில்லை. திருநெல்வேலி ஸ்டேஷனில் இலையில் மடித்து விற்கிற புளிச்சோற்றுப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொள்வாள். நானும் ஒருநாள் வாங்கித் தின்றேன். உப்பே இல்லை, புளியும் இல்லை. "இத எப்படித் தின்னுதியக்கா?" என்று கேட்டேன்.

"யாரோ பொங்கின சோறு டீச்சர். அதுக்கு மேல என்ன ருசி வேணும்?"

பொட்டலத்தை மெதுவாக, ஒவ்வொரு பருக்கையாகத் தின்று முடிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வாள். மணியாச்சியில் காப்பியும் அப்படித்தான். ஒன்பது மணிக்குக் காப்பிக்காரன் வருவான். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆறி அவலாகிற வரை வைத்திருந்து குடிப்பாள். கிளாஸுக்காக அவன் தலைமேல் வந்து நிற்பான். "தாரேன் போ. அவசரம்னா வேற ஆளுகிட்ட வில்லு" என்பாள். வீட்டில் யாரிடமும் இப்படிப் பேசியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. பெட்டியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். தூங்குகிறாள் என்று நினைத்து நான் ஏதாவது காட்டுவதற்காக, "அக்கா" என்பேன். பதில் இருக்காது. "அக்கா, ஏ அக்கா" என்று மூன்றாம் தடவை தோளைத் தொட்டால்தான் கண்ணைத் திறப்பாள். காது மந்தம்போல என்று முடிவு கட்டி நான் சத்தம் போட்டுப் பேச ஆரம்பித்தேன். ஒருநாள் அவளே சொன்னாள்.

"எதுக்கு டீச்சர் கத்துதிய? எனக்கு மொதல்லயே கேக்கும்."

"பொறவு ஏன் பேசாம இருக்கிய?"

"வீட்ல ஒரு சத்தத்துக்கு எந்திச்சிரணும். அத்தை, மைனி, ஏளா, இங்க வா, அங்க போ. மூணாவது சத்தம் வரைக்கும் இருந்து பாப்பமேன்னு இங்கனதான் இருந்து பாக்கது."

எல்லாவற்றையும் அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். இப்போது நினைத்தால் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள். நான்தான் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்து வயிற்றைக் கழுவினவள் நான். பாவம், ஒரு நாள் முழுக்க ரயிலில் கிடந்து இப்படிச் சீரழிகிறாளே என்று அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் பஸ் சேராது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தோணியும் சேராது. சண்டைக்கு முன்னால், பஸ்கள் நன்றாக ஓடின காலத்திலேயே, ஒருதடவை ஏற்றிவிட்டதற்கு முக்காணி ஊரைத் தாண்டுவதற்குள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து, பாதியில் இறங்கி, திரும்பி வந்துவிட்டாளாம். முத்துக்குளிக்கிறவன் மகளுக்குக் கடல் பயமா என்று தெருவே சிரித்திருக்கிறது. அதிலிருந்து அவளுக்கு ரயில்தான்.

திருநெல்வேலியை விட்டுக் கிளம்பின வண்டி ஆதிச்சநல்லூர்ப் பரம்பு மேட்டைத் தாண்டும்போது மட்டும் எழுந்து ஜன்னல் பக்கம் வருவாள். அங்கே மண்ணுக்குள்ளே பெரிய பெரிய தாழிகள் இருப்பதையும், ஆதிகாலத்து ஜனங்கள் செத்தவர்களை அதற்குள் வைத்துப் புதைத்ததையும் நான்தான் முதல் தடவை சொன்னேன். டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? பிள்ளைகளுக்குச் சொல்லுகிற மாதிரி விரிவாகச் சொன்னேன். அவள் அந்தச் செம்மண் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்து மாத்தி வைக்க மாட்டாவளே?" என்று கேட்டாள்.

"யாரை?"

"உள்ள இருக்கவுகள. ஒருதடவ வச்சா வச்சதுதான?"

"செத்தவங்கள எதுக்கு மாத்தப் போறாவ?"

"அது சரி" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

எனக்கு அவள்மேல் ஒருதடவை பயமும் வந்தது. மணியாச்சியில் எங்கள் வண்டிக்காக நின்றிருந்தோம். எதிர்ப் பக்கத்தில் மதராஸ் போகிற வண்டி வந்து நின்றது. அக்கா மூட்டையோடு எழுந்து அதன் பக்கம் நடந்தாள். வேடிக்கை பார்க்கப் போகிறாள் என்றிருந்தேன். பெண்கள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கார்டு விசில் ஊதினான். ஒரு கால் படியில் இருந்தது. நான் ஓடிப்போய், "அக்கா, இது நம்ம வண்டி இல்ல" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கைப்பிடியை விட்டாள். வண்டி போய்விட்டது.

"தெரியும் டீச்சர். நம்ம வண்டி இல்லன்னு தெரியும்" என்றாள். மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு, "ஏறிப் போனாலும் எங்கன போயி எறங்க? எறங்குத எடத்துல ஒரு குசினி இருக்கும்லா" என்றாள்.

அந்த வார்த்தை எனக்கு வெகு நாள் மனசில் கிடந்தது. இவளுக்கு ஏதாவது நல்லது செய்யவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த நினைப்புத்தான் பெரிய வினையாக வந்து முடிந்தது.

சண்டை முடிகிற சமயம், ஒரு ஐப்பசி மாதம். திருநெல்வேலியிலிருந்து கிளம்பின வண்டி செய்துங்கநல்லூரோடு நின்றுவிட்டது. மழையில் ரயில் பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் பாதை நன்றாக இருக்கிறது, சாயங்காலம் அங்கிருந்து ஒரு வண்டி விடுவோம், அதுவரைக்கும் அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வாழைத்தார் ஏற்றுகிற லாரி ஒன்று நாசரேத் பக்கம் போனது. டிரைவர் தெரிந்த ஆள். எங்களைப் பின்னால் தார்களுக்கு நடுவில் ஏற்றிக்கொண்டான். ரோடா அது? ஆளை உரலில் போட்டு இடிக்கிற மாதிரி இருந்தது. நான் மூன்று தடவை வாந்தி எடுத்தேன். அக்கா ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பொரிகடலையை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். ஒரு ஏப்பம்கூட விடவில்லை.

நாசரேத்தில் இறங்கினபோது இரண்டரை மணி. "ரயிலு சாயங்காலந்தான வருது? ஒங்க வீட்ல செத்த நேரம் இருந்துக்கிடட்டுமா?" என்று கேட்டாள். கூட்டிப்போனேன். அம்மா சோறு போட்டாள். தின்று முடித்ததும் பழக்க தோஷத்தில் வட்டிலைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். பாதியில் நின்றாள். திரும்பவும் உட்கார்ந்து வட்டிலைத் தரையிலேயே வைத்துவிட்டாள். சாயங்காலம் வரை சுவரில் சாய்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்தாள். அவள் போன பிறகு அம்மா என்னிடம், "நல்ல பொம்பளதான். ஆனா தின்ன வட்டில எடுத்து வைக்கணும்னுகூடத் தெரியலயே" என்றாள். எனக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சண்டை முடிந்த மறு வருஷம் கடற்கரைச் சாலையில் புது பஸ் விட்டார்கள். காலை ஆறு மணிக்குத் தூத்துக்குடியில் கிளம்பினால் ஒன்பது மணிக்கு வீரபாண்டியன்பட்டினம், அப்புறம் திருச்செந்தூர். அங்கிருந்து ரயிலைப் பிடித்தால் நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவருடைய இரண்டாவது மகள் என் வகுப்பில் படித்தாள். அவள் கணக்கில் எப்படி என்று கேட்க வந்தவர், போகும்போது, "எங்க தங்கச்சி ஒங்க கூடத்தான ரயில்ல வாரா டீச்சர்?" என்றார். நல்ல மனுஷன்தான். குரல் உயர்த்திப் பேசமாட்டார். வெள்ளை வேட்டியும் சட்டையுமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆமா அண்ணாச்சி. பாவம், அவுகள ஏன் இன்னும் ரயில்ல விடுதிய? இப்பதான் புது பஸ் வந்திருக்கே."

"அவளுக்கு பஸ் சேராது டீச்சர். வாந்தி எடுத்தே செத்துப்போவா."

"அதெல்லாம் அந்தக் காலம். அன்னைக்கு வாழத்தார் லாரில வந்தோம். நான் மூணு வாட்டி எடுத்தேன். அக்கா பொரிகடலையத் தின்னுக்கிட்டு ஜம்முன்னு இருந்தாவ. எல்லாம் சரியாப் போச்சு அண்ணாச்சி."

அவர் கட்டின கையை அவிழ்த்து ஒருதடவை மீசையைத் தடவிக்கொண்டார்.

"லாரிலயா?" என்றார். "ஒண்ணும் செய்யலயா அவளுக்கு?"

"ஒண்ணும் செய்யல."

அத்தோடு நின்றேனா? சாக்பீஸ் கையில் இருந்தது, பின்னால் கரும்பலகை இருந்தது. ரயிலில் பன்னிரண்டு மணி நேரம், பஸ்ஸில் மூன்று மணி நேரம் என்று எழுதி, கீழே கோடு போட்டுக் கழித்துக் காட்டினேன். "ஒம்பது மணி நேரம் மிச்சம் அண்ணாச்சி."

"ஒம்பது மணி நேரமா" என்றார் அவர். பலகையை அவர் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அடுத்த முதல் சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு அண்ணனே தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் தடவை, கூடப் போங்கள் டீச்சர் என்று என்னிடம் சொல்லியிருந்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எலுமிச்சம்பழம் இரண்டு வாங்கி வைத்திருந்தேன். அக்கா குளித்த ஈரம் காயாமல் வந்தாள். புறங்கையில் மாவு உலர்ந்து ஒட்டியிருந்தது. சீக்கிரம்தான் போய்விடலாமே என்று விடியுமுன்னே எழுப்பி, மாவு ஆட்டி, அண்ணன் வீட்டுக்குக் காலைப் பலகாரம் செய்து வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். நாள் முழுக்கப் போகவேண்டியவள் என்று ரயில் நாளில் அதை விட்டுவிடுவார்கள். எங்கள் பேச்சுக்கு எல்லாம் ஆமாம் போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. ஒன்றும் வரவில்லை. மறுபடியும் நீட்டினாள். லேஞ்சியால் மறைத்துக்கொண்டு வாய்க்குள் விரலை விட்டாள். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. நான் பதறிப்போய் முதுகைத் தடவிக்கொடுத்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினேன்.

"இத மோந்து பாருங்கக்கா. நின்னுரும்."

"நிக்கதுக்கு வேண்டாம் டீச்சர்" என்றாள் மெதுவாக. "வாரதுக்கு ஏதாவது வச்சிருக்கியளா?"

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மணியாச்சியில் நீட்டிய கால், மூன்றாவது சத்தம், எங்கள் வீட்டுத் தரையில் கழுவாமல் கிடந்த வட்டில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. பஸ்ஸில் இருக்க முடியவில்லை எனக்கு. இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது.

"அப்ப, முன்னால பஸ்ல எடுத்தது?"

"வெறும் வயித்துல வேப்பெண்ணயக் குடிச்சிட்டு ஏறுனேன். அந்த ஒருதடவதான். அதுக்குப் பொறவு கேட்டா சேராதும்பேன். எனக்கு பஸ்ஸும் சேரும், தோணியும் சேரும், எல்லாம் சேரும். ஒம்பது வருசம் சேராதுன்னே சொல்லி வச்சிருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே அக்கா."

"சொல்லிருந்தா ஒங்களுக்குப் பொய் சொல்ல வருமா?"

வந்திருக்காது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே தங்கி, பொய் சொன்னால் நாக்கில் மிளகாய் தேய்ப்பார்கள் என்று வளர்ந்தவள் நான். ஆனாலும் அப்போது சொன்னேன். "நான் இப்ப சொல்லுதேன். வழியெல்லாம் வாந்தி எடுத்தாவ, ஆளு பொழச்சதே பெருசுன்னு அண்ணாச்சிகிட்டச் சொல்லுதேன்."

அவள் கண்ணால் முன்பக்கம் காட்டினாள். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். "அவன் எங்க தெருக்காரன். அண்ணன் அவன்கிட்டச் சொல்லித்தான் ஏத்திவிட்டிருக்கு. பாத்துக்கோ, எடுக்காளான்னு."

ஆற்றைத் தாண்டி, ஆத்தூர் தாண்டி, உப்பளங்கள் வந்தன. நான் அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூக்கைச் சிந்தி அழுதேன். அவள் தன் லேஞ்சியின் முடிச்சை அவிழ்த்து எனக்குக் கொடுத்தாள். கோபமாக ஒரு வார்த்தை வைதிருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"விடுங்க டீச்சர். நல்லதுன்னுதான செஞ்சிய" என்றாள். "ஒங்களுக்கு வீட்டுக்குப் போக ஆசை. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிட்டிய."

அதற்குப் பிறகு நடந்ததை அவளுடைய அண்ணன் மகள் வகுப்பில் பேசுவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று மணி நேரப் பயணம்தானே என்று, ஒரு மாத முறையைப் பதினைந்து நாளாக்கினார்கள். அப்புறம் ஒரு வாரம். அப்புறம் முறையே இல்லை, எந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலோ அந்த வீட்டுக்கு, எந்த வீட்டில் விருந்தோ அந்த வீட்டுக்கு. "எங்க அத்தை காலையில எங்க வீட்ல தோச சுட்டாவ, மத்தியானம் சித்தப்பா வீட்ல கொழம்பு வச்சாவ" என்று அந்தப் பிள்ளை பெருமையாகச் சொன்னாள். நான் பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். மறு வருஷம் வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போனேன். மற்றவர்களிடம் வேறு காரணம் சொன்னேன். பொய் சொல்ல அப்போது நன்றாகவே வந்தது.

அந்த முதல் நாளை மட்டும் மறக்க முடியவில்லை. வீரபாண்டியன்பட்டினத்தில் வேதக்கோயில் கோபுரம் தெரிந்ததும் பஸ் வேகத்தைக் குறைத்தது. என் கைக்கடிகாரத்தில் மணி ஒன்பது. இந்நேரம் மணியாச்சியில் காப்பிக்காரன் கிளாஸுக்காக அவள் தலைமேல் நிற்கவேண்டும். அக்கா மூட்டையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ரோட்டோரத்தில் தம்பி பெண்டாட்டி இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக நின்றிருந்தாள். வெயில் ஏறுவதற்குள் அரிந்துவிடவேண்டிய மீன் ஒரு பெட்டி நிறையப் பக்கத்தில் இருந்தது.

பஸ் இன்னும் நிற்கவில்லை.

"மைனி" என்று தம்பி பெண்டாட்டி கூப்பிட்டாள்.

ஒரே ஒரு சத்தம்தான். அக்கா எழுந்துவிட்டாள்.